பல்லுக்குக் காவல்



பிழைப்பை நாடி இவ்வூர் வந்த நம்மவர் இல்லங்களில், பிள்ளைகளின் பல்லுக்குக் கிளிப்புப் போடுவது இன்று அரிய செய்தியன்று. ஈராண்டில் பல் வரிசை சீரானதும், செலவு தீர்ந்தது எனப் பெற்றோர் பெருமூச்சு விடுகின்றனர். நாமும் அவ்வாறே விட்டோம்.

விஜயவாடாவில் நம் மூத்த மகளுக்குக் கிளிப்பைக் கழற்றிய மருத்துவர், கீழ் முன்பற்களின் பின்புறம் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டினார். ரிடெய்னர் என்பது அதன் பெயர். ஆறு திங்களுக்கு ஒரு முறை காட்ட வேண்டும் என்றார். பணிமாற்றத்தில் சிகந்தராபாத் வந்தோம். வீடு தேடினோம்; பள்ளி தேடினோம்; பல் மருத்துவரைத் தேடவில்லை. ஓராண்டு கழிந்து பார்த்தால், ஒரு பல் வரிசையை விட்டு முன்வந்திருந்தது. அந்த ஒரு பல்லில் மட்டும் கம்பி விடுபட்டிருந்தது. மற்றவற்றில் ஒட்டியிருந்தமையால் நாம் அறிந்திலோம். அதனை வரிசைக்குக் கொணர மீண்டும் பணமும் சில திங்களும் செலவாயின.

பல் எலும்பில் அறைந்த ஆணியன்று. நுண்ணிய நார்களால் பிணைக்கப்பட்டிருப்பது. நகர்த்திய பல் பழைய இடத்தை நாடும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 1981-ல் வெளியிட்ட ஆய்வில், பல் எடுத்துச் சீரமைக்கப்பெற்றவருள், ரிடெய்னரைக் கைவிட்டுப் பத்தாண்டு சென்றபின் கீழ் வரிசை திருப்தியாக நின்றது பத்துக்கு மூவருக்கும் குறைவே.

மறுமுறை கம்பி ஒட்டுங்கால், எவ்வகை வேண்டும் என்று மருத்துவர் வினவினார். 1970-களில் பரவிய பழைய முறையில், எஃகு இழைகள் முறுக்கிய கம்பியைக் கையால் வளைத்து ஒட்டுவர். புதிய முறையில், வாயைக் கருவியால் படமெடுத்து, கணினியில் வடிவமைத்து, நிக்கல்-டைட்டானியத் தகட்டிலிருந்து கம்பியை வெட்டி எடுப்பர். ஜெர்மனியில் தோன்றிய மெமோடெயின் இவ்வகையுள் பெயர் பெற்றது. இது பல்லின் வளைவோடு நெருங்கிப் பொருந்தும். மேற்பல் இடிக்கும் நெருக்கடியான வாயில் இடத்தைக் கணக்கிட்டு அமைக்கலாம். விலையோ கூடுதல், ஆய்வுக்கூடத்திலிருந்து வரும்வரை காத்திருத்தலும் வேண்டும்.

உறுதியில் புதியதே மேல் என்று கூறுவதற்கில்லை. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் சிலவற்றில் இரண்டும் ஒத்து நின்றன. சிலவற்றில் புதியதே மிகுதியாக விடுபட்டது.

நாம் பழையதையே கேட்டோம். நாளை காஸிப்பேட்டைக்கு மாற்றல் வரினும், கம்பி அறுந்தால் அங்குள்ள பல் சீரமைப்பு மருத்துவர் அன்றே வளைத்து ஒட்டலாமன்றோ? ஓரூரில் நிலைத்தவர்க்கும், வாயில் இடம் குறைந்தவர்க்கும் புதியது ஏற்றதாகலாம்.

எதுவாயினும் காவல் வேண்டும். இருப்புப் பாதையில் கீமேன் நாள்தோறும் நடந்து, தளர்ந்த சாவிகளைத் தட்டி இறுக்குகிறார். பாதை புதிதென்று அவர் நடையை நிறுத்துவதில்லை. திங்களுக்கு ஒரு முறை பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பல்லிலும் பசை பற்றியுள்ளதா என்று பாருங்கள். கீழ்ப்பற்களின் பின்புறம் உமிழ்நீர் சுரப்பதால் காரை விரைவில் படியும். கம்பிக்கு அடியில் சிறு தூரிகையால் துலக்கச் செய்யுங்கள். வசதி குறைந்தோர் அப்சல்கஞ்ச் அரசினர் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டறியலாம்.

ஊர் மாறும்போது பள்ளிச் சான்றிதழோடு பல் மருத்துவரின் குறிப்பையும் பெட்டியில் வையுங்கள். நாம் மறந்ததை நீங்கள் மறவாதிருப்பீராக.