இறப்பும் 'இடம்பெறுமா'?



ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் பாட்டியைப் பற்றி எழுதிய கட்டுரையை அண்மையில் திருத்திக்கொண்டிருந்தேன். பாட்டி முறுக்குப் பிழிந்து தந்தது, தலைவாரிப் பூச்சூட்டியது என அனைத்தையும் அழகாகவே எழுதியிருந்தாள். இறுதிப் பத்தியில் ஒரு வாக்கியம்: 'சென்ற மாதம் என் பாட்டியின் மரணம் இடம்பெற்றது.'

என் சிவப்பு எழுதுகோல் அங்கேயே நின்றுவிட்டது. எழுத்துப் பிழை இல்லை. சந்திப் பிழையும் இல்லை. ஆயினும், பேத்தியின் துயரம் அந்த ஒரு சொல்லால் அறிவிப்புப் பலகைச் செய்தியாகிவிட்டது. அதனை அடித்துவிட்டு, 'பாட்டி இறந்துவிட்டார்' என்று எழுதினேன். மறுநாள் அவளுடைய தாயார் வந்தார். "ஐயா, செய்திகளில் எல்லாம் இப்படித்தானே வருகிறது? இதில் என்ன பிழை?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. தவறு, எழுதிப் பழக்கிய நம்முடையது.

இவ்வழக்கின் முகத்தில் ஆங்கிலத்தின் நிழல் தெளிவாகத் தெரிகிறது. 'டேக் பிளேஸ்' என்னும் தொடரில் இடமும் உண்டு, பெறுதலும் உண்டு. சொல்லுக்குச் சொல் வைத்தோம்; 'இடம்பெற்றது' என்றானது. ஆனால், ஆங்கிலத்திலும் அத்தொடர் எல்லா இடத்திற்கும் பொருந்துவதில்லை. கூட்டம், திருமணம், தேர்வு போன்று ஏற்பாடு செய்யப்பட்டவற்றுக்கே அது பெரும்பாலும் வரும். எதிர்பாராத விபத்துக்கு 'ஹேப்பன்' என்பதே அங்கு இயல்பு. கடன் வாங்கிய நாம், கடன் கொடுத்தவர் காக்கும் வேறுபாட்டைக்கூடக் காக்கவில்லை!

நம் பிள்ளைகள் மலாய்மொழிப் பாடத்தில் விபத்துக்கு 'பெர்லாக்கு' என்றும் கூட்டத்திற்கு 'பெர்லங்சுங்' என்றும் பிரித்தறிந்து எழுதுகிறார்கள். அடுத்த பாடவேளையில் தமிழேட்டைத் திறந்ததும் இரண்டிற்கும் 'இடம்பெற்றது'! தமிழில் சொற்பஞ்சமா?

கூட்டம் நடைபெற்றது. விபத்து நேர்ந்தது. திருமணம் இனிதே நடந்தேறியது. சூரிய கிரகணம் நிகழ்ந்தது. நிலநடுக்கம் ஏற்பட்டது. போர் மூண்டது. கலவரம் வெடித்தது.

ஒவ்வொரு வினையும் தன் நிகழ்வின் இயல்பைச் சுமந்து நிற்பதைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் பினாங்கு, கெடா கரைகளை ஆழிப்பேரலை தாக்கியது. அதனை 'ஆழிப்பேரலை இடம்பெற்றது' என்று எழுதிப் பாருங்கள். அலையும் இல்லை, அழிவும் இல்லை.

'இடம்பெறு' என்னும் சொல்லையே ஒழிக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. அதற்குரிய பொருள் உண்டு. ஆட்டக்காரர் அணியில் இடம்பெறுவார். கவிதை தொகுப்பில் இடம்பெறும். கலைவிழாவில் பரதநாட்டியம் இடம்பெறும். 'எதன் ஒரு பகுதியாக?' என்று மாணவரைக் கேட்கச் சொல்லுங்கள். விடை கிடைத்தால் சொல் சரி. 'மரணம் இடம்பெற்றது' என்பதற்கு விடை ஏது?

"மொழி மாறிக்கொண்டுதானே இருக்கும், இலங்கைச் செய்திகளிலும் இது பரவலாக உள்ளதே" என்று சிலர் கூறலாம். உண்மைதான். அங்குள்ளோர் வழக்கைப் பழிக்க எனக்கு உரிமையில்லை. புதிய சொல் வருவதும் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், வந்த ஒரு சொல் இருந்த ஏழு சொற்களைத் துரத்துமானால் அதனை வளர்ச்சி என்று எப்படி ஏற்பது? வீட்டில் தமிழ் குறைந்து, வகுப்பறையே தமிழுக்கு முதன்மை இடமாகிவிட்ட பிள்ளைகள் நம்மிடம் பலர். நாம் கொடுக்காத சொல் அவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காது.

பிறரை மட்டும் குறை கூறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி அழைப்பிதழில் 'விளையாட்டுப் போட்டி திடலில் இடம்பெறும்' என்று எழுதியவன் நானேதான். அன்று எவரும் என்னைத் திருத்தவில்லை.

ஆசிரியர்களே, அடுத்த சுற்றறிக்கையை எழுதும்போது ஒருகணம் நின்று சொல்லைத் தேர்ந்தெடுங்கள். பெற்றோர்களே, செய்தியில் அச்சொல் வந்தால், "இதை வேறெப்படிச் சொல்லலாம்?" என்று பிள்ளையைக் கேளுங்கள்.

அம்மாணவி திருத்தி எழுதிய ஏடு மறுவாரம் என் மேசைக்கு வந்தது. நான் எழுதிக் கொடுத்ததையும் அவள் ஏற்கவில்லை. 'பாட்டி எங்களை விட்டுப் போய்விட்டார்' என்று எழுதியிருந்தாள். இம்முறை என் சிவப்பு எழுதுகோலுக்கு அங்கு வேலையில்லை.