ஊல்டியா: ஆள் அகற்றப்பட்ட ஊர்

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோரிடம் ஒரு சொல் முன்கூட்டியே தயாராக இருக்கிறது: ‘ஆளரவமற்ற’. சிவந்த மண்ணையும் தாழ்ந்த புதர்களையும் கண்டவுடன் அது தானே வந்து விழுகிறது. கூடவே ‘ஆதியில் இருந்தபடியே’ என்றொரு தொடரும் வரும். இவற்றை வருணனை என்று ஏற்பதற்கில்லை. இவை சாட்சியம், பல இடங்களில் பொய்ச்சாட்சியம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தே பாலை ஆகும் என்று சிலப்பதிகாரத்தில் படித்த நாம், ஒரு வெற்றிடத்தைக் கண்டால் அது எப்போது, எவரால் அவ்வாறானது என்று கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் இருக்கும் ஊல்டியாவை எடுத்துக்கொள்வோம். இன்று அது பெரும்பாலும் வரைபடத்தில் ஒரு பெயர் மட்டுமே. சிட்னிக்கும் பெர்த்துக்கும் இடையே ஓடும் ரயில் அதைக் கடந்து செல்கிறது. சற்று மேற்கே, வளைவே இல்லாத 478 கிலோமீட்டர் தண்டவாளம் தொடங்குகிறது; உலகிலேயே மிக நீண்ட நேர்ப்பாதை என்று பயணிகளுக்குச் சொல்லப்படுவது அதுதான். அப்பாதை ஓடும் நல்லார்போர் சமவெளி ஏறத்தாழ இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர் சுண்ணாம்புப் பாறை. பெய்யும் மழையைப் பாறை உறிஞ்சிவிடுவதால் மேற்பரப்பில் ஆறும் இல்லை, குளமும் இல்லை. ‘நல்லார்போர்’ என்பதே ‘மரமில்லை’ என்று பொருள்படும்படி லத்தீனிலிருந்து ஆக்கிய பெயர். இல்லாததைக் கொண்டு ஒரு நாட்டுக்குப் பெயர் வைப்பது வந்தேறிகளின் வழக்கம். அங்கே இருந்தவர்கள் இருப்பதைக் கொண்டே பெயர் வைத்திருந்தார்கள்.

இருந்தது தண்ணீர். சமவெளியின் கிழக்கு விளிம்பில் மணற்குன்றுகள் எழும் இடத்தில், மணலுக்கு அடியில் ஒரு களிமண் படுகை உண்டு. மழைநீர் மணலில் இறங்கி அப்படுகையில் தங்கும். கையால் தோண்டினாலே நன்னீர் ஊறும். சுற்றிலும் வெகுதூரத்துக்கு வேறு நிலையான நீர் இல்லாத நிலத்தில் இவ்வூற்று என்னவாக இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. பல மொழிக் குழுக்கள் பல திசைகளிலிருந்து வந்து கூடும் இடம் அது. சடங்குகளும் பண்டமாற்றும் மணவுறவுப் பேச்சுகளும் வழக்குத் தீர்வுகளும் அங்கே நடந்தன. 1875இல் ஒட்டகங்களுடன் மேற்கு நோக்கிப் புறப்பட்ட எர்னஸ்ட் கைல்ஸ் இங்கே தங்கித்தான் பயணத்தைத் தொடர்ந்தார். பிறர் காலங்காலமாகக் குடித்துவந்த கிணற்றைக் கண்டதற்குப் பெயர் கண்டுபிடிப்பு!

பிறகு ரயில் வந்தது. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் போடப்பட்ட தண்டவாளங்கள் 1917 அக்டோபர் 17 அன்று ஊல்டியாவில் சந்தித்தன. நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் வேண்டும். ஊற்றில் கிணறுகளும் ஆழ்துளைகளும் இறக்கி நாள்தோறும் இறைத்தார்கள். துளைகள் களிமண் படுகையைத் தாண்டவே கீழிருந்த உவர்நீர் மேலே கலந்தது. 1926இல் ரயில்வே அந்நீரைக் கைவிட்டது. எத்தனை தலைமுறைகள் என்று எண்ண முடியாத காலம் ஒரு சமூகம் அளவறிந்து பயன்படுத்திய ஊற்றைக் கெடுப்பதற்கு ஒன்பதே ஆண்டுகள் போதுமாயிருந்தன. ‘வறண்ட நிலம்’ என்று எழுதுமுன் இந்தக் கணக்கையும் எழுத வேண்டாமா?

இலக்கிய அன்பர்களாகிய நாம் மிகவும் கூச்சப்பட வேண்டிய பகுதி இனிமேல்தான். ஊல்டியா என்றதும் ஆங்கில வாசகனின் நினைவுக்கு வருபவர் டெய்சி பேட்ஸ். அயர்லாந்தில் பிறந்த இப்பெண்மணி 1919 முதல் 1935 வரை இங்கே ஒரு கூடாரத்தில் வாழ்ந்தார். உயர்ந்த கழுத்துப்பட்டையும் கையுறையும் தொப்பியும் அணிந்து, பாலைவெயிலில் பழங்குடியினருக்கு உணவும் மருந்தும் கொடுத்தார். அவ்வுழைப்பைக் குறைத்துச் சொல்ல நமக்கு விருப்பமில்லை. சொந்தப் பணத்தையும் செலவிட்டிருக்கிறார். ஆனால் அவர் எழுதியது என்ன? 1938இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற அவருடைய நூலின் பெயரே ‘பழங்குடிகளின் மறைவு’ என்ற பொருளுடையது. (நூலாக்கத்தில் எர்னஸ்டின் ஹில் என்ற எழுத்தாளரின் கை பெரிதும் இருந்தது என்பது தனிக்கதை.) இவர்கள் அழிந்துவரும் இனம், நாம் செய்யக்கூடியதெல்லாம் தலையணையைச் சரிசெய்து நிம்மதியாகச் சாகவிடுவதே என்பது அதன் சாரம். நரமாமிசம் உண்பவர்கள் என்றும் மீண்டும் மீண்டும் எழுதினார். ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. கலப்பினக் குழந்தைகளை அவர் வெறுத்தார்.

சாகப்போகிறவர்கள் என்று ஒருமுறை ஊர்ஜிதமாகிவிட்டால் அவர்களுடைய நிலத்தைக் காலி என்று கணக்கெழுதுவது எளிது. சட்டமும் அதற்கு இசைவாகவே இருந்தது. மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பழங்குடியினரைச் சேர்க்கக் கூடாது என்று ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தின் 127ஆம் பிரிவு சொன்னது. 1967இல் பொதுவாக்கெடுப்புக்குப் பின்னரே அது நீங்கியது. மறைந்துவிட்டதாகச் சொல்லப்பட்டவர்களோ மறையவில்லை. பேட்ஸ் போய் ஆறாண்டுகள் கழித்து, 1941இல், மானிடவியலாளர்களான ரொனால்ட் பெர்ன்ட், கேத்தரின் பெர்ன்ட் தம்பதியர் இதே ஊல்டியாவில் தங்கி, உயிரோடிருந்த சடங்குகளையும் கதைகளையும் உறவுமுறைகளையும் விரிவாகப் பதிவு செய்தார்கள்.

1933இல் இங்கே அமைந்த கிறித்தவ மிஷன் 1952இல் மூடப்பட்டது. மக்களைத் தெற்கே கடற்கரைப் பக்கம் யலாட்டாவுக்குக் கொண்டுசென்றார்கள். செம்மண்ணில் பிறந்தவர்களுக்கு அது சாம்பல் நிறச் சுண்ணாம்புத் தூசி. தங்கள் மொழியிலும் அதைச் சாம்பல் மண் என்றே குறித்தார்கள். மறு ஆண்டு, 1953 அக்டோபரில், வடக்கே ஈமு ஃபீல்டில் பிரிட்டன் இரண்டு அணுகுண்டுகளை வெடித்தது. 1956, 1957 ஆண்டுகளில் ஊல்டியாவுக்கு வடமேற்கே மராலிங்காவில் ஏழு. அதன் பிறகு 1963 வரை நடந்த ‘சிறு சோதனைகள்’ புளூட்டோனியத்தை மண்ணில் தூவின. மராலிங்கா என்ற பெயர்கூட அந்த மண்ணின் மொழிச் சொல் அல்ல. வடகோடியில் வழங்கி அழிந்துபோன ஒரு மொழியில் ‘இடி’ என்று பொருள்படும் சொல்லைக் கொண்டுவந்து சூட்டினார்கள்.

யாரும் இல்லாத இடம் என்றுதான் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். 1957 மே மாதம், குண்டு வெடித்த குழியருகே ஒரு குடும்பம் முகாமிட்டிருந்தது: தாய், தந்தை, இரண்டு குழந்தைகள். பழைய வழித்தடத்தில் நடந்து வந்தவர்கள். ஊல்டியா மூடப்பட்டதை அறியாதவர்கள். அவர்களைக் குளிக்க வைத்து, வேட்டை நாய்களைச் சுட்டுக் கொன்று, யலாட்டாவுக்கு அனுப்பினார்கள். தாய் அப்போது கருவுற்றிருந்தாள். குழந்தை இறந்தே பிறந்தது. கண்ட சிப்பாய்களுக்கு வாய்ப்பூட்டு. எச்சரிக்கைப் பலகைகளோ ஆங்கிலத்தில் இருந்தன. 1985இல் அறிக்கை தந்த அரச விசாரணை ஆணையம், 1956ஆம் ஆண்டுச் சோதனைகளில் பழங்குடியினரின் பாதுகாப்பைக் கவனித்த விதத்தில் அறியாமையும் திறமையின்மையும் அலட்சியமும் இருந்ததாகக் கண்டது.

‘நிலையாகக் குடியிருக்காத நாடோடிகள்தானே, ஆளற்ற நிலம் என்றால் என்ன பிழை’ என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்குத் திறக்கும் கோயிலை மற்ற நாட்களில் யாருமில்லை என்று சொல்லி ஒருவர் இடித்தால் இதே நண்பர்கள் என்ன சொல்வார்கள் என்று அறிய ஆவல்.

துரத்தப்பட்ட மக்கள் திரும்பியும் வந்தார்கள். 1984இல் மராலிங்கா ஜருட்ஜா நில உரிமைச் சட்டம் எழுபதாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நிலத்தை அவர்களுக்கு மீட்டளித்தது. அதையொட்டி எண்பதுகளின் நடுவில் ஓக் வேலி என்ற குடியிருப்பை எழுப்பினார்கள். சோதனைத் தளத்தின் முக்கியப் பகுதி, பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவான துப்புரவுக்குப் பிறகு, 2009இல் கைக்கு வந்தது. அதே ஆண்டில் யலாட்டா, ஓக் வேலி மக்கள் கிறிஸ்டபெல் மாட்டிங்லியுடன் சேர்ந்து, மராலிங்காவின் வரலாற்றைத் தங்கள் வாய்மொழியாலும் ஓவியங்களாலும் ஒரு நூலாகவே வெளியிட்டார்கள்.

ஊல்டியா ரயிலடியில் டெய்சி பேட்ஸுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. வறண்ட ஊற்று சில கிலோமீட்டர் தள்ளி மணலில் கிடக்கிறது. ரயில் பயணிகளுக்கு அது தெரிவதில்லை. ஆஸ்திரேலிய உள்நாட்டைத் தமிழுக்குக் கொண்டுவர விரும்பும் மொழிபெயர்ப்பாளர்களிடம் நாம் கேட்பது இதுதான்: கூடாரத்துச் சீமாட்டியின் நூலை இப்போதைக்கு ஒதுக்கி வைத்து, 2009இல் வந்த அந்த நூலை முதலில் எடுங்கள். அதில் ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் இருக்கிறது, அங்கே யார் இருந்தார்கள் என்ற விவரமும் இருக்கிறது.