கட்டடத்துக்குச் சட்டம் உண்டு, கவனிப்புக்கு?

சென்னையின் தெற்கே, வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் செல்லும் சாலையிலும், ஜிஎஸ்டி சாலையில் மறைமலை நகர்ப் பக்கமும் மூத்தோருக்கென்றே கட்டப்பட்ட குடியிருப்புகள் சில ஆண்டுகளாகப் பெருகிவருகின்றன. வாசலில் படிக்கட்டுக்குப் பதில் சாய்தளம், குளியலறையில் கைப்பிடிக் கம்பி, கட்டிலருகே அழைப்பு மணி, மூன்று வேளையும் பொதுச் சமையலறைச் சாப்பாடு. மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ நங்கநல்லூரிலோ இருந்த வீட்டை விற்றுவிட்டு, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்ட தம்பதியர் இங்கே வருவதற்கான காரணங்கள் வெளிப்படையானவை. நகருக்குள் இருப்பதைவிட இங்கே நிலம் மலிவு. தாம்பரம் வழியாக மின்சார ரயில் இருக்கிறது. விமான நிலையம் அதே ஜிஎஸ்டி சாலையில் இருக்கிறது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு தென்மாவட்டப் பேருந்துகளும் பக்கத்துக்கே வந்துவிட்டன. இந்தக் குடியிருப்புகள் வரவேற்கத்தக்கவையே. ஆனால், இவை விற்பது வீட்டை மட்டுமல்ல. இருபது ஆண்டுக் கவனிப்பையும் சேர்த்துத்தான். வீட்டுக்குக் காவலாக ஒரு சட்டம் இருக்கிறது. கவனிப்புக்கு அப்படி வலுவான காவல் எதுவும் இல்லை. தமிழ்நாடு அரசு அதைச் சட்டமாகவே கொண்டுவர வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 10.4 சதவீதம் பேர் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். 2021இல் இது 13.6 சதவீதம் என்றும், 2031இல் 18.2 சதவீதமாகும் என்றும் மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு சொல்கிறது. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். ஆதரவற்ற முதியோரைக் காப்பது இங்கே நெடுங்காலம் தர்மத்தின் பொறுப்பாகவே இருந்தது. ராயபுரத்து மணியக்காரர் சத்திரம் 1782இல் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம். சாவித்திரி வைத்தி தொடங்கிய விஸ்ராந்தி முதியோர் இல்லம் 1978இல் வந்தது. தர்மத்தில் வாங்குபவர் கேள்வி கேட்பதில்லை, கேட்கவும் முடியாது. வண்டலூர்ச் சாலையில் நடப்பது தர்மம் அல்ல, விலைக்கு வாங்குவது. ஆனால் நம் சட்டங்களோ முதியவரை இன்னும் சத்திரத்து வாசலில் நிற்பவராகவே பார்க்கின்றன.

சிக்கலின் மையம் வயதில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் வாங்குபவருக்கு வயது அறுபத்தாறு என்று வைத்துக்கொள்வோம். காலையில் நடைப்பயிற்சி போகிறார், வங்கிக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறார், நீச்சல் குளம் உண்டா என்று விசாரிக்கிறார். அந்த ஒப்பந்தம் உண்மையில் கைகொடுக்க வேண்டியது அவருடைய எண்பத்திரண்டாம் வயதில். இடுப்பு எலும்பு முறிந்து, துணையை இழந்து, நேற்று வந்தவரின் முகம் இன்று நினைவில் நில்லாத காலத்தில். பல குடியிருப்புகள் தாமாக நடமாடக்கூடியவர்களை மனதில் வைத்தே நடத்தப்படுகின்றன. படுக்கையில் விழுந்தவரை அதே வீட்டில் வைத்திருப்பார்களா, பராமரிப்பு விடுதிக்கு மாற்றுவார்களா? அதை முடிவு செய்வது யார்? கூடுதல் கட்டணம் எவ்வளவு? சேவை நிறுவனம் நஷ்டம் என்று விலகினால் மறுநாள் காலை அடுப்பு எரியுமா? டெபாசிட் கொடுத்துக் குடியேறியவர் இறந்தால் பணம் எத்தனை நாளில் திரும்பும்? சொந்தமாக வாங்கியிருந்தால், வயது வரம்பு உள்ள வீட்டில் நாற்பத்தைந்து வயது மகனால் குடியிருக்க முடியுமா, விற்பதென்றால் யாருக்கு விற்பது? விற்பனைக் கையேட்டில் இவற்றுக்கு இடமில்லை. பூங்காவின் படத்துக்கு இரண்டு பக்கம் இருக்கிறது.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் போடக்கூடிய உச்சவரம்பு 30 லட்சம் ரூபாய். 8.2 சதவீத வட்டியில் அது மாதத்துக்கு 20,500 ரூபாய் தரும். போட்ட நாளில் இருந்த வட்டிதான் ஐந்து ஆண்டுகளுக்கும். பராமரிப்புக் கட்டணமும் சாப்பாட்டுக் கட்டணமும் அப்படி நிற்பதில்லை. ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏறினால், 15,000 ரூபாயில் தொடங்கும் மாதச் செலவு ஐந்தாம் ஆண்டு முடிவில் 24,000 ரூபாயைத் தாண்டிவிடும். மாத்திரை, மருத்துவர், ஹோம் நர்ஸ் எல்லாம் தனி. வருமானம் நகராமலும் செலவு ஏறிக்கொண்டும் இருக்கும் ஒருவரிடம், கட்டணத்தை நிர்வாகம் தன் விருப்பப்படி திருத்தலாம் என்று ஒரு வரியில் கையெழுத்து வாங்குவது சமமான இருவருக்கிடையிலான ஒப்பந்தம் ஆகாது.

சட்டங்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2016இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வீட்டை உரிய காலத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது, கட்டுமானக் குறைகளுக்கு ஐந்து ஆண்டு பொறுப்பேற்கச் சொல்கிறது. அதன் பார்வை பெரும்பாலும் கட்டடத்தின் மீதுதான். ரசத்தில் உப்பு கூடினால், இரவு மணியடித்து யாரும் வராவிட்டால், அதற்கு அங்கே வழியில்லை. 2007இன் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளையும் வாரிசுகளையும் தீர்ப்பாயத்துக்கு அழைக்கும், நிறுவனத்தை அழைக்காது. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கென்று மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. கட்டுநர், சேவை நிறுவனம், வீடு வாங்குபவர் ஆகிய மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்ற நல்ல யோசனை அதில் இருக்கிறது. மாநிலம் விதியாக்கினால்தான் அதற்கு உயிர். அதே ஆண்டு டிசம்பரில், முதியோர் பராமரிப்பு இல்லங்களைப் பதிவு செய்யவும் குறைந்தபட்சத் தரம் வகுக்கவும் வகைசெய்யும், 2007 சட்டத்துக்கான திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. நிலைக்குழுவுக்குப் போய், அறிக்கையும் வந்து, கடைசியில் 2024இல் பதினேழாவது மக்களவையோடு அதுவும் காலாவதியானது.

வசதி படைத்தவர்களின் தலைவலிக்கு அரசு ஏன் மெனக்கெட வேண்டும் என்பது நியாயமான கேள்வி. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் காலம் தள்ளுபவர்கள் இருக்கும் மாநிலம் இது. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும் கோரிக்கைகள் அல்ல. ஒழுங்குமுறைக்கு ஆகும் செலவை இந்த நிறுவனங்களின் பதிவுக் கட்டணத்திலிருந்தே எடுக்கலாம். உதவித்தொகையில் ஒரு ரூபாயும் குறையாது. மேலும் இங்கே வருபவர்களில் பலர் செல்வந்தர்கள் அல்லர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ரயில்வேக்காரர்கள். இருந்த ஒரே வீட்டை விற்று வந்தவர்கள். ஏமாந்தால் திரும்பிப் போக வேறு வீடு இல்லை. பெற்றோரைப் பிள்ளைகள்தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. தனியே வாழ விரும்பிப் பிள்ளைகளிடமே சொல்லிவிட்டு வருகிற மூத்தவர்கள் எத்தனையோ பேர்; அது அவர்களுடைய தேர்வு.

படித்தவர்கள்தானே, படித்துப் பார்த்துக் கையெழுத்திடட்டும், தகராறென்றால் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது என்பது இன்னும் வலுவான மறுப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தத்தை எதிர்க்க வழி தருகிறது, உண்மைதான். ஆனால் அந்த வகை வழக்கு மாவட்ட ஆணையத்தில் எடுபடாது; மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். எண்பது வயதில் வாய்தாவுக்கு அலைவது தீர்வாகாது. தன் சாப்பாட்டையும் மருந்தையும் தருகிற நிர்வாகத்தின் மீதே வழக்குப் போட்டுவிட்டு அதே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது எத்தனை பேருக்கு முடியும்? நியூசிலாந்தின் 2003ஆம் ஆண்டு ஓய்வுக்காலக் குடியிருப்புச் சட்டம் இதை வேறுவிதமாகக் கையாள்கிறது. வாங்குபவர் சொந்தமாக ஒரு வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெற்ற பிறகே கையெழுத்து செல்லும். கையெழுத்திட்ட பிறகும் 15 வேலைநாள்களுக்குள் மனம் மாறிக்கொள்ளலாம். அங்கேயும் படித்தவர்கள்தான் வாங்குகிறார்கள்.

கெடுபிடி செய்தால் கட்டுநர்கள் வேறு மாநிலத்துக்குப் போய்விடுவார்கள் என்று அந்தத் துறை சொல்லும். ரியல் எஸ்டேட் சட்டம் வந்தபோதும் இதையே சொன்னார்கள். சென்னையின் தெற்கே கட்டுமானம் நின்றுவிடவில்லை. துறையின் முறையீடுகளிலும் நியாயமானது ஒன்று உண்டு. பதிவுபெற்ற அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில் மாதம் 25,000 ரூபாய் வரையிலான கட்டணத்துக்கு ஜிஎஸ்டி வரி விலக்கு இருக்கிறது. குடியிருப்போர் சங்கமே நிர்வாகத்தை ஏற்று நடத்தினால் விலக்கு 7,500 ரூபாய் வரைதான். சங்கங்கள் தம் காலில் நிற்க வேண்டும் என்றால் இந்த வேறுபாடு நீங்க வேண்டும். தமிழ்நாடு அரசு இதை ஜிஎஸ்டி கவுன்சிலில் எழுப்பலாம்.

மற்றவற்றுக்குத் தில்லியை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. மூத்தோர் குடியிருப்பு என்ற பெயரில் விற்பவர் எவரும் சேவை ஒப்பந்தத்தையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். கட்டண உயர்வுக்கு எழுதப்பட்ட கணக்கு இருக்க வேண்டும். குடியிருப்போர் பெரும்பான்மையாக முடிவெடுத்தால் சேவை நிறுவனத்தை மாற்றும் உரிமை வேண்டும். படுக்கையில் விழுந்தவரை வெளியேற்றும் முன் வெளி மருத்துவர் ஒருவரின் கருத்தைக் கேட்டாக வேண்டும். புகார்களை விசாரிக்கச் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே ஓர் அதிகாரியை நியமிக்கலாம். சட்டமன்றத்தின் ஒரு கூட்டத்தொடரில் முடியக்கூடிய வேலை இது. அதுவரை, வண்டலூர்ச் சாலையில் மாதிரி வீடு பார்க்கப் போகும் பெற்றோருக்கும் கூடப்போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: படுக்கையில் விழுந்தால் என்ன ஏற்பாடு, கட்டணம் எப்படி ஏறும், நிறுவனம் விலகினால் யார் நடத்துவார் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.