அவங்க கடிகாரம் வேற, நம்ம கடிகாரம் வேற

அரியர்னு சொன்னா நம்ம எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது மேத்ஸ் பேப்பர்தான். நாலு வருஷப் படிப்பை ஏழு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அண்ணா பல்கலைக்கழக விதி. அதைத் தாண்டினால் ஸ்பெஷல் சான்ஸ் கொடுப்பார்களா என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வணிகவரித் துறையும் இதே வார்த்தையைத்தான் பயன்படுத்துகிறது. ஒரு கடைக்காரர் கட்டாமல் விட்ட வரி அவர்கள் ஃபைலில் அரியர், அதாவது நிலுவை. நம்ம அரியருக்கு ஒரு கடைசித் தேதி இருக்கு. அந்த அரியரை வசூலிக்க அரசுக்குக் கடைசித் தேதி இருக்கா?

'இது சி.ஏ. படிக்கிறவங்க கவலை, நமக்கு எதுக்கு'ன்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. உங்க கிளாஸ்லயே நாலு பேர் வீட்டில் கடை இருக்கும். ரெண்டு பேர் ஸ்டார்ட்-அப் ஆரம்பிக்கப் போறேன்னு சொல்லிட்டுத் திரிவாங்க. ஃப்ரீலான்ஸ் வேலையில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் உங்களுக்கும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அன்றிலிருந்து இந்தக் கடிகாரம் உங்களுக்கும் ஓடும்.

கடிகாரம் ஒன்றல்ல, இரண்டு. 'நீ இவ்வளவு வரி கட்ட வேண்டும்' என்று துறை சொல்வதற்கான காலம் முதலாவது. சொன்ன பிறகு அந்தப் பணத்தை வசூலிப்பதற்கான காலம் இரண்டாவது.

முதல் கடிகாரத்துக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. 2023-24 நிதியாண்டு வரைக்கும், மோசடி இல்லாத வழக்கில், ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் ஆணை போட்டாக வேண்டும். மோசடி என்றால் 5 ஆண்டு. அதற்குள் போடாவிட்டால் விசாரணை முடிந்ததாகவே அர்த்தம் என்று சட்டமே சொல்கிறது. படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நடந்தது என்ன தெரியுமா? ஜிஎஸ்டி வந்த முதல் ஆண்டான 2017-18-க்கு இந்தக் கெடு 2023 பிப்ரவரியில் முடிந்திருக்க வேண்டும். கொரோனாவைக் காரணம் காட்டி அதை 2023 செப்டம்பருக்குத் தள்ளினார்கள். பிறகு டிசம்பர் 31-க்குத் தள்ளினார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் இதே கதைதான். 2018-19-க்கு 2024 ஏப்ரல் வரை, 2019-20-க்கு 2024 ஆகஸ்ட் வரை. இப்படி நீட்டித்தது செல்லுமா என்பதில் உயர் நீதிமன்றங்களே ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லி, விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

நீட்டிப்புக்கு ஒரு விலை இருக்கு. நமக்குப் பிடித்த மாதிரி கணக்குப் போட்டே பார்ப்போம். 2017 ஜூலையில் 1 லட்சம் ரூபாய் வரி குறைவாகக் கட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆணை 2023 டிசம்பரில் வருகிறது. வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம், தனி வட்டிதான். கிட்டத்தட்ட ஆறேகால் வருஷத்துக்கு வட்டி மட்டுமே 1 லட்சத்து 12 ஆயிரத்தைத் தாண்டும். அபராதம் 10 சதவீதம் தனி. துறை தாமதமாக எழுந்ததற்கான வாடகையையும் கடைக்காரரே கட்டுகிறார். இதுவே அரசு நமக்குத் திருப்பித் தர வேண்டிய ரீஃபண்டைத் தாமதமாகக் கொடுத்தால்? வட்டி 6 சதவீதம்!

கடைக்காரர் பக்கத்துக் கடிகாரத்தையும் பாருங்கள். ரீஃபண்ட் கேட்க 2 ஆண்டு. ஆணையை எதிர்த்து அப்பீல் போக 3 மாதம். தகுந்த காரணம் சொன்னால் இன்னும் 1 மாதம். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் அப்பீல் அதிகாரியால் மன்னிக்க முடியாது. அப்பீலுக்கு முன்பே தகராறில் இருக்கும் வரியில் 10 சதவீதம் கட்ட வேண்டும். இதில் பெரிய கொடுமை, நோட்டீஸ் போர்ட்டலில் ஏறினாலே கொடுத்ததாகக் கணக்கு. அதுவும் வழக்கமான நோட்டீஸ் பக்கத்தில் இல்லாமல், கூடுதல் நோட்டீஸ்கள் என்ற இன்னொரு மூலையில் கிடக்கும். மாதாமாதம் ரிட்டர்ன் போடுவதற்கு மட்டும் ஆடிட்டர் ஆபீஸில் லாகின் பண்ணுகிற மளிகைக் கடைக்காரர் அந்த மூலைக்கு எப்போது போவார்? பேங்க் அக்கவுன்ட் முடங்கிய அன்றைக்குத்தான் அவருக்கு விஷயமே தெரியும். நோட்டீஸைப் பார்க்கவே இல்லை என்று வந்தவர்களின் எத்தனையோ வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்து, ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி, மறுபடி விசாரிக்க அனுப்பியிருக்கிறது. ஆனால் கோர்ட்டுக்குப் போக எல்லாராலும் முடியுமா?

சரி, இரண்டாவது கடிகாரம். ஆணை வந்துவிட்டது, 3 மாதத்தில் பணம் கட்டவில்லை. இனி பேங்க் கணக்கைப் பிடிக்கலாம், சரக்கைப் பிடிக்கலாம், கலெக்டர் மூலம் நிலவரி பாக்கி மாதிரி வசூலிக்கலாம். எத்தனை வருஷத்துக்குள்? வசூலைப் பற்றிப் பேசும் 79-வது பிரிவில் அப்படி ஒரு வரம்பே இல்லை. புரோநோட்டு மூணு வருஷத்துல காலாவதி ஆயிடும், அதுக்குள்ள ஏதாவது வரவு வைத்துப் புதுப்பிக்கணும்னு ஊரில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நமக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு 3 ஆண்டு. அதே காலவரம்புச் சட்டம், அரசு வழக்குப் போடுவதென்றால் 30 ஆண்டு கொடுக்கிறது. ராஜாவுக்கு எதிராகக் காலம் ஓடாது என்பது பழைய இங்கிலாந்துச் சட்டக் கொள்கை. ராஜா போயிட்டார், கொள்கை மட்டும் இங்கேயே தங்கிடுச்சு.

அமெரிக்காவில் மத்திய அரசின் வரித் துறைக்கு வரியை நிர்ணயித்த நாளிலிருந்து பொதுவாக 10 ஆண்டு. கலிபோர்னியா மாநில வருமான வரிக்கு 20 ஆண்டு. இருபது வருஷம் கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் ஒரு நாள் முடியும் என்று ஒருவருக்குத் தெரியும். இங்கே முடிவதில்லை, தள்ளுபடி ஆகிறது. 2023-ல் தமிழ்நாடு அரசு சமாதான் திட்டம் கொண்டுவந்தது. ஜிஎஸ்டிக்கு முந்தைய விற்பனை வரி, வாட் காலத்து நிலுவைகளில் 50,000 ரூபாய்க்கு உட்பட்டவற்றை வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து ரத்து செய்தார்கள். நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் அது உரிமை இல்லை, கருணை. எப்போது வரும், யாருக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. அது மட்டுமில்லை, முதல் நோட்டீஸிலேயே நகையை அடகு வைத்துக் கட்டியவருக்கு எதுவும் திரும்பக் கிடைக்காது. நம்ம ஆல் பாஸ் கதைதான். விழுந்து விழுந்து படித்தவனும் பாஸ், படிக்காதவனும் பாஸ்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதை லேசாகத் தள்ள முடியாது. விற்பனை வரி கடைக்காரரின் பணமே இல்லை. பிஸ்கட் வாங்கும்போது நீங்களும் நானும் கொடுத்தது. அதை அமுக்கிக்கொண்டு பத்து வருஷம் ஒளிந்திருந்தால் விட்டுவிடுவதா? விடக் கூடாதுதான். நம்மிடம் வரி என்று வாங்கிவிட்டு அரசுக்குக் கட்டாதவர்கள் மேல் நடவடிக்கை தொடங்கக் காலவரம்பே இல்லை. அது அப்படியே இருக்கட்டும். கோர்ட்டில் ஸ்டே வாங்கியே காலத்தை ஓட்டிவிடுவார்களே என்றால், ஸ்டே இருக்கும் காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று இப்போதே சட்டம் இருக்கு. நான் பேசுவது மற்றவர்களைப் பற்றி. ரேட்டைத் தப்பாகப் புரிந்துகொண்டவர், சப்ளையர் வரி கட்டாததால் கிரெடிட் போனவர் மாதிரி ஆட்கள். ஆணை போட்டு 10 வருஷம் அந்தத் தொகையைக் கேட்காமல் வைத்திருந்தால், அப்புறம் கேட்கிற உரிமை போக வேண்டும். துறைக்கு எப்போது கெடுவை நீட்டினாலும், அப்பீலுக்கும் அதே அளவு தானாக நீள வேண்டும். இரண்டுமே செலவில்லாத திருத்தங்கள்.

நடப்பது எதிர்த் திசையில். 2024-25-லிருந்து புது விதி. நோட்டீஸ் கொடுக்க 42 மாதம், அதன்பின் ஆணைக்கு 12 மாதம், தேவைப்பட்டால் இன்னும் 6 மாதம். மோசடிக்கும் சாதாரணத் தவறுக்கும் ஒரே அளவு. மூணு வருஷமாக இருந்தது, தப்பு நோக்கமே இல்லாதவருக்கும் நாலரை வருஷம் ஆகிவிட்டது. அப்பீலுக்கு அதே 3 மாதம்தான், ஒரு நாள்கூடக் கூடவில்லை.

அதனால் ஸ்டார்ட்-அப் நண்பர்களே, 2025-26-ல் ஜிஎஸ்டி எண் வாங்கியிருந்தால் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுக்கான ரிட்டர்ன் கெடு 2026 டிசம்பர் 31. நோட்டீஸ் 2030 ஜூன் வரை வரலாம். ஆணை 2031 கடைசி வரைக்கும் வரலாம். பில், ரெக்கார்டு எல்லாவற்றையும் 2032 டிசம்பர் வரை நீங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். போர்ட்டலில் அந்த இன்னொரு மூலையையும் மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள்.