பூநாரைக்குப் பின்னால்

மார்கழி பிறந்தால் சென்னையில் இரண்டு உற்சவங்கள். ஒன்று சபாக்களில். மற்றது பள்ளிக்கரணையில். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக, பல்லாவரம் - துரைப்பாக்கம் சாலையோரம் முழங்கை நீள லென்ஸ்களோடு ஒரு கூட்டம் நிற்கும். ‘இயற்கை நடை’ என்று இதற்குப் பெயர். நடப்பது சொற்பம்தான். போகட்டும், குளிர்காலத்துக்கு வந்த பறவைகளைப் பார்க்க நாலுபேர் எழுந்து வருவதில் எனக்கு விரோதமில்லை. வந்தவர்கள் எடுத்துப் போகும் படங்களோடுதான் என் சண்டை.

அந்தப் படங்கள் நமக்கு மனப்பாடம். கண்ணாடியாகக் கிடக்கும் நீர், ஒற்றைக்காலில் ஒரு பூநாரை, அதன் பிம்பம், பின்னால் பால்போல ஒரு மங்கல். இந்த மங்கல் தற்செயலாக வந்துவிடுவதில்லை. நீள லென்ஸைத் துளை அகலத் திறந்து வைத்தால் பறவை மட்டும் கூர்மையாக நிற்கும், மற்றதெல்லாம் கரைந்துபோகும். கரைந்துபோனது என்ன? பெருங்குடிக் குப்பைமேடு. கண்ணாடி முகப்பு வைத்த கம்பெனிக் கட்டடங்கள். சதுப்பை வெட்டிக்கொண்டு போகும் சாலை. இவர் நின்று படமெடுத்ததே அதன் ஓரத்தில்தான். லென்ஸை மீறி ஒரு மின்கம்பம் தலைகாட்டினால் அதை அழிக்கவும் இப்போது மென்பொருள் வந்துவிட்டது. மிஞ்சுவது பள்ளிக்கரணை அல்ல. எந்த ஊரும் அல்ல. அந்தப் பறவை ஒரு பல்பொடி விளம்பரத்திலும் நிற்கலாம்.

நீரின் கதை இன்னும் மோசம். பள்ளிக்கரணை ஓர் ஏரியல்ல. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழிகிறபோது அந்த வழிசல் வந்து தங்கும் தாழ்நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தேடுகிறது. 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாக மதிப்பிடப்படும் சதுப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. மற்றதன்மேல் நாம் குடியிருக்கிறோம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும், அந்த நீர் தன் பழைய இடத்துக்கே திரும்பியது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் ஜனங்கள் மாடியில் நாட்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். கார்த்திகையில் அது வெள்ளம். நாலு வாரம் கழித்து மார்கழியில் அதே நீர் ‘நிலக்காட்சி’. சாலைக்கு இந்தப் பக்கம் நஷ்டஈடு, அந்தப் பக்கம் அழகியல். இரண்டும் ஒரே நீர் என்பதை ஒரே படத்துக்குள் கொண்டுவர இந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

பறவையையாவது பார்க்கிறார்களா? பூநாரை ஆழமற்ற நீரில் நடந்து, தலையைக் கவிழ்த்துச் சேற்றையும் நீரையும் அலகால் அரித்துத் தின்னும் பறவை. பெருமழைக்குப்பின் நீர் ஆழமாகிவிட்டால் அதற்கு அங்கே வேலையில்லை. உள்ளான்களுக்கும் அப்படித்தான். அப்போது இருப்பவை கூழைக்கடா, நாமக்கோழி, வாத்து. ஆக, எந்தப் பறவை எந்த வாரம் நிற்கிறது என்பதே நீரின் மட்டத்தைப் பற்றிய ஒரு வாக்கியம். அதைப் படிக்கப் பொறுமையில்லாதவர், ‘பறக்கிற போஸ்’ வேண்டுமென்று கைதட்டி எழுப்புகிறார். வலசை வந்த பறவை திரும்பிப் பறப்பதற்காக உடம்பில் கொழுப்புச் சேர்க்கிற காலம் இது. ஒவ்வொரு எழுப்பலும் அந்தச் சேமிப்பிலிருந்து திருடுவது.

படங்களால்தானே ஜனங்களுக்குச் சதுப்பு தெரிந்தது, 2007இல் ஒரு பகுதி காப்புக்காடாயிற்று, 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது என்பார்கள். பாதி சரி. ஆனால் சதுப்பு சுருங்கியதைக் காட்ட எந்தப் பூநாரையாலும் முடியாது. பழைய வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்தால் தெரியும். பறவைகளை எண்ணித் தேதியோடு வருஷக்கணக்கில் குறித்து வைப்பவரின் நோட்டில் தெரியும். ஒரே இடத்தில் நின்று வருஷாவருஷம் எடுத்த அழகற்ற படங்களில் தெரியும். அவற்றை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை.

2023 டிசம்பரில் எண்ணூரில் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் வெள்ளத்தோடு கழிமுகத்தில் கலந்தபோது, கறுத்த இறகுகளோடு நின்ற கூழைக்கடாக்களின் படங்கள் வெளிவந்தன. அங்கே பின்னணியை மங்கலாக்க வழியே இல்லை. இடம் பறவையின் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அவற்றை எடுத்தவர்கள் கலைஞர்களா என்று யாரும் கேட்கவில்லை.

இது காமிராக்காரர்கள் விவகாரம், நமக்கென்ன என்று கவிஞர்கள் நகர வேண்டாம். ஒரு நாரை, கொஞ்சம் நீர், ஒரு வெறுமை; ஆறு வரியில் கவிதை முடிந்தது. படிமம் என்ற பெயரில் நாமும் அதே லென்ஸைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். திணை இலக்கணத்தில் பறவை கருப்பொருள். நிலமும் பொழுதும் இல்லாமல் அதற்கு வாழ்வில்லை. நெய்தல் நாரைக்குக் கழியும் மீனும் அங்கே வாழ்கிறவர்களும் உண்டு. நம் நாரைக்கு ஊர்கூடக் கிடையாது. இதை நவீனம் என்கிறோம்.

மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணனை நம் வட்டத்தில் எத்தனைபேர் படித்திருக்கிறார்கள்? கடைசிவரை கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தவர். 1950இலிருந்து 1996இல் சாகும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் பத்தி எழுதியவர். தமிழில் எழுதியவற்றைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்திருக்கிறார். நாவலாசிரியரின் மகன் என்பதால் மட்டும் அவரை இங்கே இழுக்கவில்லை. காமிராவும் பேனாவும் ஒரே கண்ணுக்கு உதவிய அபூர்வம் அவர்.

அடுத்த மார்கழியில் இந்த இதழின் அட்டைக்கும் யாராவது ஒரு பூநாரையை அனுப்புவார்கள். தேதி, நின்ற இடம், நீரின் ஆழம், பின்னால் தெரியும் குப்பைமேடு, எதையும் வெட்டாமல் அனுப்பினால் போடும்படி ஆசிரியரிடம் நானே சொல்கிறேன்.