சம்பளம் 12 தடவை, ரீசார்ஜ் 13 தடவை

வருஷத்துக்கு உங்களுக்கு எத்தனை தடவை சம்பளம் வருது? 12. உங்க போனுக்கு எத்தனை தடவை ரீசார்ஜ் பண்றீங்க? யோசிக்காம 12-ன்னுதான் வாயில வரும். ஆனா 28 நாள் பிளான் போடறவங்களுக்கு அது 13. 365-ஐ 28-ஆல் வகுத்துப் பாருங்க, தெரிஞ்சிடும்.

"இது தெரிஞ்ச கதைதானே சார்"னு சிலர் சொல்வீங்க. 13-வது ரீசார்ஜ் தெரிஞ்ச கதைதான். அதுக்குப் பின்னாடி இருக்கற ரெண்டு விஷயத்தை நாம கவனிக்கறதில்லை. ஒண்ணு, ரீசார்ஜ் தேதி. இன்னொண்ணு, மொத்தமாகப் பணம் கட்ட முடியாதவர் கொடுக்கிற கூடுதல் விலை. இந்தப் பதிவு அந்த ரெண்டைப் பத்தித்தான்.

தேதி பின்னாடி நகருது

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியிலயோ டேனரியிலயோ வேலை பார்க்கறீங்க. 7-ஆம் தேதி வாக்கில் சம்பளம் ஏறுதுன்னு வச்சுக்குவோம். கையில் காசு இருக்கும்போதே, ஜனவரி 8-ஆம் தேதி, 28 நாள் பிளான் போடறீங்க. அடுத்தது எப்போ? பிப்ரவரி 5. அதாவது ரெண்டாவது ரீசார்ஜே சம்பளத்துக்கு முன்னாடி வந்து நிக்குது. அப்புறம் மார்ச் 5, ஏப்ரல் 2, திரும்பவும் ஏப்ரல் 30. ஒரே மாசத்துல ரெண்டு ரீசார்ஜ். அதுக்கப்புறம் மே 28, ஜூன் 25.

ஜூன் 25-ஐக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தம்பிக்கு காலேஜ் ஃபீஸ், தங்கச்சிக்கு யூனிஃபார்ம், வீட்டு வாடகை எல்லாம் போய், அக்கவுன்ட்ல மினிமம் பேலன்ஸ் மட்டும் மிச்சம் இருக்கிற மாசக் கடைசி. அன்னைக்குத்தான் "உங்கள் பிளான் இன்று முடிகிறது"ன்னு மெசேஜ் வரும். என்ன பண்றோம்? ரெண்டு நாள் பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட ஹாட்ஸ்பாட் வாங்கறோம். இல்லைன்னா கிரெடிட் கார்டைத் தேய்க்கறோம்.

வாடகை மாசக் கணக்கு. சீட்டு மாசக் கணக்கு. இஎம்ஐ, பால், கேபிள் எல்லாமே மாசக் கணக்கு. உங்க பட்ஜெட்டுல மாசத்தோட ஒட்டாம ஓடிக்கிட்டே இருக்கிற பெரிய செலவு ரீசார்ஜ்தான்.

ஒரு ரூபாய் வித்தியாசம்

இந்தப் புகார் டிராய் வரைக்கும் போச்சு. 2021-இல் மக்களிடம் கருத்து கேட்டார்கள். 2022 ஜனவரி 27-ஆம் தேதி உத்தரவு வந்தது: ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லுபடியாகும் பிளான் குறைந்தது ஒன்றையும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற பிளான் குறைந்தது ஒன்றையும் தர வேண்டும்.

அந்த மார்ச் மாதமே ஜியோ மாதக் கணக்கில் 259 ரூபாய் பிளானைக் கொண்டுவந்தது. தினம் 1.5 ஜிபி. அதே 1.5 ஜிபி, 28 நாள் பிளான் அப்போது 239 ரூபாய். இப்போ பெருக்குங்க.

239 × 13 = 3,107 ரூபாய்.
259 × 12 = 3,108 ரூபாய்.

ஒரே ஒரு ரூபாய்தான் வித்தியாசம்! இதுல ஏமாத்து வேலை எதுவும் இல்ல, விலை வெளிப்படையாத்தான் இருக்கு. ஆனா இதுல ஒரு பாடம் இருக்கு. 12 தடவையா மாறினதால வருஷச் செலவு குறையல. நமக்குக் கிடைச்சது தேதி மட்டும்தான். என்னைக் கேட்டா, சம்பளக்காரருக்கு அந்தத் தேதியே பெரிய லாபம். ஆனா "28 நாள் போய் 30 நாள் வந்தா காசு மிச்சம்"னு யாராவது சொன்னா, பெருக்கிப் பார்க்காம நம்பாதீங்க.

மொத்தமா கட்டறவருக்கு மலிவு

2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஒரே வாரத்தில் விலையை ஏற்றின. ஜியோவின் அந்த 239 ரூபாய் பிளான் 299 ஆனது. 25 சதவீத உயர்வு. உங்க கம்பெனியில் அந்த வருஷம் இன்க்ரிமென்ட் எவ்வளவு போட்டாங்கன்னு நான் கேட்கப் போறதில்லை.

நான் பார்க்கச் சொல்வது வேறு ஒன்றை. அதே பட்டியலில் 365 நாள் பிளான் ஒன்று இருந்தது: 3,599 ரூபாய், தினம் 2.5 ஜிபி. இதை 299 பிளானோடு வைத்துப் பாருங்கள்.

299 × 13 = 3,887 ரூபாய். தினம் 1.5 ஜிபி. ஒரு நாளுக்கு 10 ரூபாய் 68 காசு.
வருஷ பிளான் = 3,599 ரூபாய். தினம் 2.5 ஜிபி. ஒரு நாளுக்கு 9 ரூபாய் 86 காசு.

மொத்தமாகக் கட்டுபவர் 288 ரூபாய் குறைவாகக் கொடுத்து, தினமும் ஒரு ஜிபி அதிகமாக வாங்குகிறார். பிரித்துப் பிரித்துக் கட்டுபவர் அதிகம் கொடுத்துக் குறைவாக வாங்குகிறார். மூட்டையா வாங்கினா விலை குறையறது மளிகைக் கடையிலயும் உண்டுதான். ஆனா மளிகைக் கடை அண்ணாச்சி கடன் கொடுப்பார். ரீசார்ஜ் முடிஞ்ச நிமிஷம் போன் நின்னுடும்.

உங்களோடு காலையில் கம்பெனி பஸ்ஸில் வருகிற, ஸ்டிச்சிங் லைனில் உட்காருகிற அக்காவை நினைத்துப் பாருங்கள். 3,599 ரூபாயை ஒரே நாளில் போனுக்காக எடுத்து வைக்க அவரால் முடியுமா? அதிக விலை கொடுப்பவர் அவர்தான். நம்மில் பலரும் கூடத்தான்.

அம்மா போனுக்கு எதுக்கு டேட்டா?

உங்க வீட்டில் எத்தனை சிம் இருக்குன்னு எண்ணுங்க. அப்பாவோ அம்மாவோ பட்டன் போன் வச்சிருந்தாலும், அவங்க பிளானில் டேட்டாவும் சேர்ந்துதான் வந்துக்கிட்டிருந்தது. 2024 டிசம்பர் 23-ஆம் தேதி டிராய் விதியைத் திருத்தியது: பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டுமான ரீசார்ஜ் தனியாகத் தர வேண்டும். அந்த வகை ரீசார்ஜை 365 நாள் வரைக்கும் தரலாம் என்றும் ஆக்கியது. முன்பு 90 நாள்தான் உச்ச வரம்பு.

2025 ஜனவரியில் அந்த பிளான்கள் வந்தன. ஏர்டெலில் 365 நாளுக்கு 1,849 ரூபாய். அதே நிறுவனத்தின் 199 ரூபாய், 28 நாள் பிளானை 13 தடவை போட்டால் 2,587 ரூபாய். ஒரு போனுக்கு 738 ரூபாய் மிச்சம். அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் சேர்த்து 1,476.

இங்கேயும் நாள் கணக்கு பார்க்கணும். ஜியோவின் 1,748 ரூபாய் பிளான் முதல் பார்வைக்கு ஏர்டெலைவிட 101 ரூபாய் குறைவு. ஆனால் அது 336 நாள், அதாவது 28-ஐ 12 தடவை பெருக்கின கணக்கு. வருஷம் முடிய 29 நாள் இருக்கும்போதே தீர்ந்துவிடும். ஒரு நாளுக்கு 5 ரூபாய் 20 காசு. 1,849 ரூபாய் பிளானில் 5 ரூபாய் 7 காசுதான். விலை குறைவாத் தெரியறது நாள் கணக்குல கூடுதலா இருக்கு.

நான் சொன்ன விலையெல்லாம் அந்தந்த சமயத்தில் இருந்தவை. இன்றைய விலையை உங்க ஆப்பில் பாருங்க. விலை மாறும், வகுக்கிற முறை மாறாது.

நிறுவனங்கள் பக்கத்து நியாயம்

ஒரு ஆடிட்டரா ரெண்டு பக்கக் கணக்கையும் பார்க்கணும் இல்லையா? 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இந்தியாவில் டேட்டா விலை எப்படி விழுந்தது என்று உங்களுக்கே தெரியும். உலகத்தில் மலிவாக டேட்டா கிடைக்கிற நாடுகளில் நாமும் ஒன்று. 5ஜி-க்குக் கோடி கோடியாகக் கொட்டியிருக்கிறார்கள், அதை எடுக்கத்தான் பார்ப்பார்கள். நாம் கொடுக்கும் 299 முழுவதும் அவர்களுக்குப் போவதும் இல்லை. அதில் 45 ரூபாய் 61 காசு ஜிஎஸ்டி. டிராய் இந்த விலைகளை நிர்ணயிப்பதும் இல்லை. விலை வைப்பது நிறுவனத்தின் உரிமை.

அதனால விலையை ஏத்தாதீங்கன்னு நான் கேட்கலை. ஏத்தின விலையை எங்களுக்குப் புரியற அளவுல சொல்லுங்கன்னுதான் கேட்கறேன்.

நம்ம ஊரில் இதை விளக்க வேண்டியதே இல்லை. தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் வாங்குகிறோம், விற்கிறோம். ஒரு பார்ட்டி 28 அடிக்கு ஒரு விலை, இன்னொருவர் 30 அடிக்கு ஒரு விலை, மூன்றாமவர் 84 அடிக்கு ஒரு விலை என்று கொட்டேஷன் அனுப்பினால், பர்ச்சேஸில் இருப்பவர் முதலில் கேட்பது என்ன? "அடி என்ன விலை?" அவ்வளவுதான். கம்பெனி காசுக்கு அடி விலை கேட்கிற நாம், சொந்தக் காசுக்கு நாள் விலை கேட்பதில்லை.

நீங்க செய்ய வேண்டியது

ஒண்ணு. வீட்டில் உள்ள எல்லா சிம்மையும் ஒரு பேப்பரில் எழுதுங்க. யார் போன், என்ன பிளான், எத்தனை நாள், ஒரு நாளுக்கு எவ்வளவு. விலையை நாளால் வகுத்தால் போதும்.

ரெண்டு. டேட்டா தேவைப்படாத போன்களைப் பேசறதுக்கு மட்டுமான பிளானுக்கு மாத்துங்க. ஆப்பில் இது முதல் பக்கத்தில் கண்ணில் படாமல் போகலாம், தேடி எடுங்க.

மூணு. உங்க போனுக்கு வருஷ பிளான் நாள் கணக்கில் மலிவா இருந்தா, போனஸ் வர்ற மாசத்துல போடுங்க. அடுத்த வருஷத்துக்கு இப்பவே மாசம் 300 ரூபாய் தனியா எடுத்து வையுங்க. 12 மாசத்துல 3,600. கணக்கு சரியா வந்துடும். கடன்லயோ கார்டு இஎம்ஐ-யிலயோ மட்டும் போடாதீங்க. 288 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் வட்டி கட்டாதீங்க.

ஆனா ஒரு எச்சரிக்கை. வருஷ பிளான் போட்ட பிறகு வேற கம்பெனிக்கு போர்ட் பண்ணினா, மிச்ச நாளுக்கான காசு திரும்ப வராது. உங்க வீட்டிலும் வேலை பார்க்கும் இடத்திலும் சிக்னல் எப்படி இருக்குன்னு ஒரு மாசம் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

நாலு. மொத்தமா கட்ட முடியலைன்னா, மாசாமாசம் ஒரே தேதியில் வர்ற பிளானைத் தேர்ந்தெடுங்க. சம்பளத்துக்கு மறுநாள்ல ஆரம்பிங்க. போஸ்ட்பெய்டும் 12 பில்தான். ஆனா அதுல 399-ன்னு விளம்பரம் இருந்தா, 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து பில் 470 ரூபாய் 82 காசுன்னு வரும். அதை வச்சுத்தான் ஒப்பிடணும்.

நாம கேட்க வேண்டியது

இந்த நாலும் உங்களுக்கும் எனக்கும் உதவும். மாசச் சம்பளமும் போனஸும் உள்ளவங்க சமாளிச்சுக்குவோம். வாரக் கூலி வாங்குகிறவர் 28 நாள் பிளானிலேயேதான் இருப்பார். அதனால் இதை அவரவர் சாமர்த்தியம் என்று விட்டுவிட முடியாது, விதியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

பொட்டலப் பொருளில் மொத்த விலையோடு, ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்பது இப்போது சட்டம். ஷாம்பு பாட்டிலைத் திருப்பிப் பாருங்க, இருக்கும். அதே விதியை ரீசார்ஜுக்கும் கொண்டுவரலாம். ஒவ்வொரு பிளானுக்குப் பக்கத்திலும் "ஒரு நாளுக்கு இவ்வளவு, 365 நாளுக்கு இவ்வளவு" என்று இரண்டு எண்கள். நிறுவனத்துக்கு இதில் செலவே இல்லை. மாதத் தேதி பிளான் "குறைந்தது ஒன்று" என்று இருப்பதையும், அதிகம் விற்கிற ஒவ்வொரு பிளானுக்கும் ஒன்று என்று மாற்றலாம்.

கேட்டா நடக்குமா? 30 நாள் பிளானும் கருத்து கேட்ட பிறகுதான் வந்தது. பேசறதுக்கு மட்டுமான பிளானும் அப்படித்தான், 2024 ஜூலையில் கருத்து கேட்டாங்க, டிசம்பர்ல விதி வந்துச்சு. டிராய் இணையதளத்தில் அடுத்த தடவை கருத்து கேட்கும்போது, டீக்கடையில் சொல்ற அதே விஷயத்தை ஒரு மெயிலா அனுப்புங்க. நாலு வரி போதும், உங்க வீட்டுக் கணக்கோட இருக்கட்டும்.

அதுவரைக்கும், அடுத்த ரீசார்ஜ் பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி போனில் கால்குலேட்டரைத் திறங்க. விலை, வகுத்தல், நாள். பத்து வினாடி வேலை.