தடுப்பூசி கேட்டால் ஒப்பந்தக்காரரைக் காட்டுவதா?

தோழர்களே, சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் அரசுக் கல்லூரிக் கட்டணம் கேட்டுப் போராடியது நினைவிருக்கும். வென்றார்கள். கல்லூரி சுகாதாரத் துறைக்கு வந்தது. நியாயமான போராட்டம். அதே மருத்துவமனையில் ரத்தம் துடைக்கிறவர்களுக்காகவும் ஒரு கேள்வி கேட்போம்: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா? கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிடமும் இதே கேள்விதான்.

வெள்ளை டப்பாவுக்குள் போகவேண்டிய ஊசி மஞ்சள் பைக்குள் கிடந்தால், குத்து வாங்குவது பையைத் தூக்குகிறவர். அந்தப் பையைத் தூக்க எந்தத் தெருவிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று நம் மாவட்டத்துக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. காய்ந்த ரத்தத்தில்கூட இந்தக் கிருமி குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும். கிருமியுள்ள ஊசி குத்தினால் எச்ஐவி தொற்றுவது 1000-ல் 3 பேருக்கு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றுவதோ 100-ல் 6 முதல் 30 பேருக்கு. பிறகு கல்லீரல் சுருங்கும், புற்றுநோயும் வரலாம். ஊரோ கீழாநெல்லி அரைத்துக் குடிக்கச் சொல்லும்.

"அவர்கள் எங்கள் ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர் ஆட்கள்" என்பது வழக்கமான பதில். இது சட்டத்தின் முன் நிற்காது. 2016 உயிர் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், சுகாதார ஊழியர்களுக்கும் கழிவைக் கையாளும் 'மற்றவர்களுக்கும்' ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடும் பொறுப்பை மருத்துவமனையின் தலையில்தான் வைக்கின்றன. ஆண்டுக்கொரு உடல் பரிசோதனையும் கட்டாயம். பணமில்லை என்பார்களா? 1997-லேயே ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் இதை உள்நாட்டில் மலிவாகத் தயாரித்துவிட்டது.

மூன்று ஊசி: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். நடுவில் ஒப்பந்தம் கைமாறினால் மூன்றாவது ஊசி யார் கணக்கு? போட்டாலும் சிலருக்கு எதிர்ப்பு சக்தி வராது. கடைசி ஊசிக்கு 1-2 மாதம் கழித்து ரத்தத்தில் டைட்டர் பார்த்து, 10-க்குக் குறைந்தால் மறுபடி போட வேண்டும். சம்பளச் சீட்டே கிடைக்காத அக்காவுக்கு டைட்டர் சீட்டு யார் கொடுப்பார்?

10 ரூபாய்க்கு தகவல் உரிமை மனு போடுங்கள். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் எத்தனை பேர், மூன்று ஊசியும் முடித்தவர் எத்தனை, டைட்டர் பார்த்தவர் எத்தனை, கடந்த ஆண்டு ஊசிக் குத்து பதிவானது எத்தனை என்று கேளுங்கள். எண்ணிக்கை மட்டும் போதும். பெயர் எழுதினால் அந்த அக்காவின் வேலை போய்விடும்.